ஹூஸ்டனுக்கு அப்பா அம்மா வருகிறார்களா? கடப்பாரையை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

விசா, டிக்கெட் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. உங்களுக்கு முன்னால் வந்த யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார்கள். இரண்டு மட்டும் சொல்லிவிடுகிறேன். விசா 10 வருடத்துக்கு இருந்தாலும், இந்த முறை எதுவரை தங்கலாம் என்பது ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் இருக்கும் தேதிதான். வந்து இறங்கிய வாரமே இணையத்தில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அடுத்து, சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்குக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு என்ன தருவார்கள் என்ற பகுதியையாவது முழுதாகப் படியுங்கள். மலிவான பாலிசிகள் பல அங்கேதான் கையை விரிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பெற்றோரை இங்கே வாட்டுவது வெயிலோ சாப்பாடோ இல்லை, சும்மா இருப்பதுதான். ஹூஸ்டனைச் சுற்றியுள்ள சுகர் லேண்டோ கேட்டியோ பியர்லேண்டோ, கார் இல்லாமல் ஒரு பால்கூட வாங்க முடியாது. காலையில் நடந்து போய் டீ குடித்து, பேப்பர் பார்த்து, நாலு பேரோடு அரசியல் பேசிவிட்டு வந்த மனிதர், இங்கே திங்கள் முதல் வெள்ளி வரை எதிர்வீட்டு கராஜ் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சனி ஞாயிறில் ஊர் சுற்றிக் காட்டினால் அது சரியாகிவிடும் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். ஆகாது.

சுற்றிக் காட்டவும் வேண்டும்தான். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு நீங்கள் சொல்லாமலே கிளம்பிவிடுவார்கள். நாசாவின் விண்வெளி மையத்தில் நடை அதிகம். முட்டி வலி உள்ளவர்களை அரை நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். நான் யாருக்கும் முதலில் சொல்வது கால்வெஸ்டனிலிருந்து பொலிவர் போகும் படகைத்தான். அரசு ஓட்டுகிறது, கட்டணமே கிடையாது, காரோடு ஏறிக்கொள்ளலாம், அதிர்ஷ்டம் இருந்தால் பக்கத்திலேயே டால்பின் குதிக்கும். டிக்கெட் வாங்கிப் போன இடத்தில் எல்லாம் "இதுக்கு எவ்வளவு?" என்று டாலரை ரூபாயாக்கிக் கணக்குப் போட்ட என் அம்மா, அந்தப் படகில் மட்டும் வாய் திறக்கவில்லை.

சமையலறையை அம்மாவிடம் விட்டுவிடுங்கள், ஆனால் முதல் நாளே இரண்டு விஷயத்தைக் காட்டிவிடுங்கள்: தாளிக்கும்போது எந்த அலாரம் கத்தும், சிங்க்கில் எதைக் கொட்டக் கூடாது. எண்ணெய், முருங்கைக்காய் சக்கை, சாதம் மூன்றும் சிங்க்குக்கு அடியில் கழிவை அரைக்கும் மிஷினுக்கு ஆகாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு லேப்டாப்பை மூடிவிட்டு உட்காருங்கள். நாள் முழுக்க அந்த ஒரு வேளைக்காகத்தான் காத்திருப்பார்கள்.

அப்பாவுக்கு வேலை கொடுங்கள். கொல்லைப்புறத்தில் தோட்டம் என்றால் பாதிப் பேருக்குக் கண் மின்னும். நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் அதுதான்.

என் நண்பரின் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்ததும் புடலைக்கும் அவரைக்கும் பந்தல் போடுவதாக முடிவு செய்தார். நண்பர் பொறுப்பானவர், குழி தோண்டுமுன் 811-க்கு, அதாவது மண்ணுக்கடியில் ஓடும் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரச் சொல்லும் எண்ணுக்கு, சொல்ல வேண்டும் என்று தெரியும். அது இலவசம். டெக்சஸில் வார விடுமுறை நீங்கலாக 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆள் வந்து தரையில் வண்ணம் அடித்துக் கொடி நட்டுவிட்டுப் போவார்: சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு கேபிள், நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. மஞ்சள் கொடிகள் தெருவிலிருந்து வீட்டுப் பக்கவாட்டில் இருக்கும் மீட்டர் வரை வந்து நின்றன. கொல்லைப்புறத்தில் ஒன்றுகூட இல்லை. அப்பா நிம்மதியாகக் கடப்பாரையைப் போட்டார்.

மூன்றாவது குழியில் சீறல். பழைய வீட்டுக்காரர், பார்பிக்யூ அடுப்புக்காக மீட்டரிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு எரிவாயுக் குழாய் இழுத்திருக்கிறார். மீட்டர் வரைக்கும்தான் கம்பெனியின் குழாய். அதற்கு இந்தப் பக்கம் இருப்பது வீட்டுக்காரர் சொத்து. 811 வழியாக வருபவர் கம்பெனியின் குழாயை மட்டும்தான் குறிப்பார். நம் ஊரில் மனையில் கடப்பாரை போடுமுன் வாஸ்து பார்ப்போம், குழாய் பார்க்கும் பழக்கம் கிடையாது. பார்த்தவருக்கும் இந்த கதி.

ஒரு பெருமை சொல்லியாக வேண்டும். அத்தனை பேரும் பதறியபோது, பெரியவர் ஒரு ஸ்விட்சைக்கூடத் தொடவிடாமல், காரையும் எடுக்கவிடாமல், எல்லோரையும் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப் போனார். அங்கே போய்த்தான் 911-ஐக் கூப்பிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தது, எரிவாயுவை நிறுத்தினார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை.

பணம் போனது அதற்குப் பிறகு. நிறுத்திய எரிவாயுவைக் கேட்டவுடன் திறந்துவிட மாட்டார்கள். லைசென்ஸ் உள்ள பிளம்பர் குழாயைச் சரிசெய்து, அழுத்தச் சோதனை காட்டி, நகராட்சி ஆள் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் இணைப்பு. அதுவரை அடுப்பும் இல்லை, வெந்நீரும் இல்லை. பிளம்பர் பில் நாலு இலக்கம். வீட்டுக் காப்பீட்டில் முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை அதைவிடப் பெரிது என்பதால் கேட்டும் பயனில்லை. பெரியவரோ தன்னால்தான் என்று சொல்லிச் சொல்லியே மிச்ச நாட்களை ஓட்டினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். அவர் செய்ததில் தவறே இல்லை.

ஆகவே 811-க்குச் சொல்வதோடு நிற்காதீர்கள். வீட்டைச் சுற்றி வாருங்கள். சுவரிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் குழாய், பின்கட்டில் மூடி போட்டு நிற்கும் சிறு குழாய், எரிவாயுவைத் திறந்து மூடச் சுவரில் சாவி நுழைக்கும் ஓட்டை, கொல்லையில் எரிவாயு விளக்கு, நீச்சல்குள ஹீட்டர் என்று ஏதாவது கண்ணில் பட்டால், தனியாகக் காசு வாங்கிக் குழாய் தேடித் தருபவர்களைக் கூப்பிடுங்கள். ஸ்பிரிங்க்ளர் குழாயையும் 811 காட்டாது. தண்ணீரைத் திறந்துவிட்டு எங்கெங்கே பீய்ச்சுகிறது என்று பார்த்தால் பாதை ஓரளவு புரியும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் மண்ணைத் தொடாதீர்கள். சொந்த வீட்டில் குடியிருப்போர் சங்கம் இருந்தால் பந்தல் உயரத்துக்குக்கூட விதி இருக்கலாம்.

இதெல்லாம் தலைவலி என்றால் தோண்டாமலே செய்யலாம். பெரிய தொட்டிகளில் மண் நிரப்பி அதிலேயே கம்பு ஊன்றிப் பந்தல் கட்டினால் புடலை தாராளமாக ஏறும். மார்ச்சில் வந்தால் காய்கறி. அக்டோபருக்கு மேல் வந்தால் கொத்தமல்லியும் வெந்தயக் கீரையும் இந்த ஊர்க் குளிருக்கு நன்றாக வரும். கறிவேப்பிலையைத் தொட்டியில் மட்டும் வையுங்கள், உறைபனி அன்றைக்குத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.