அசைன்மென்ட் ஏறாமல் தடுத்த புள்ளி
தொலைநிலை எம்.ஏ. அசைன்மென்ட்டைத் தளத்தில் ஏற்றும்போதெல்லாம் "பிடிஎஃப் மட்டுமே அனுமதி" என்றே வந்தது. கோப்போ பிடிஎஃப்தான். கலர் ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஸ்கேனின் தெளிவை 150 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 150 புள்ளிகள்) இறக்கி அளவைக் குறைத்தேன். பிரவுசரை மாற்றினேன், அதன் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்தேன். பலனில்லை.

சிக்கல் கோப்பின் பெயரில் இருந்தது. அதில் என் பெயரை இனிஷியலோடு வைத்திருந்தேன். நம் வழக்கப்படி இனிஷியலுக்குப் பின் ஒரு புள்ளி. சில தளங்கள் முதல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதையே கோப்பு வகையாக எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் 'பிடிஎஃப்' இல்லை, என் பெயர் இருந்தது! பதிவு எண், அடிக்கோடு, பாடக் குறியீடு என்று மட்டும் பெயர் மாற்றினேன், உடனே ஏறியது. அப்பாடா!

இடைவெளி, அடைப்புக்குறி, தமிழ் எழுத்து ஆகியவற்றையும் பெயரில் தவிர்ப்பது நல்லது. ஒரே கோப்பை மறுபடி டவுன்லோட் செய்தால் அடைப்புக்குறிக்குள் எண் தானாகவே சேரும், கவனியுங்கள். ஏறியதும் ஒப்புகைப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள்.