ஆர்கானிக் சைடரை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைடர் என்பது ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துச் செய்யும் மதுபானம். இங்கிலாந்தில் தயாராகும் ஆர்கானிக் சைடரைப் பற்றிய தவறான தீர்ப்புகளில் பாதி, மூடியைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. "ஆர்கானிக்" முத்திரையைப் பார்த்தவுடன் சிலர் மதிப்பெண்ணைக் கூட்டிவிடுகிறார்கள். வேறு சிலரோ, விலையை ஏற்றுவதற்கான வேலை என்று குறைத்துவிடுகிறார்கள். இரண்டுமே அந்த சைடருக்கு இழைக்கும் அநீதி. அந்த முத்திரை முதன்மையாகத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. செயற்கை உரமும் களைக்கொல்லியும் படாத மண், சான்றிதழுக்காக மூன்று ஆண்டு மாற்றக் காலத்தைக் கடந்த மரங்கள், அனுமதிக்கப்பட்ட சில பொருள்களை மட்டுமே சேர்க்கும் தயாரிப்பு முறை ஆகியவற்றுக்கு அது சாட்சி. கோப்பையில் இருப்பது நல்ல சைடரா என்பதை மூக்கும் நாக்கும்தான் சொல்ல வேண்டும்.

ஆர்கானிக் என்றால் முழுக்க முழுக்க ஆப்பிள் சாறு என்று நம்புவது மிகப் பரவலான பிழை. பிரிட்டன் சட்டப்படி 35 சதவீதம் சாறு இருந்தாலே அதை சைடர் என்று விற்கலாம். அந்தச் சாறும் அடர்சாற்றிலிருந்து வந்ததாக இருக்கலாம். மீதி தண்ணீரும் சர்க்கரையுமாக இருக்க இடமுண்டு. சர்க்கரை ஆர்கானிக்காக இருந்தால் முத்திரைக்கும் பாதகமில்லை. ஆகவே சாற்றின் அளவை லேபிளில் தேடிப் படியுங்கள். அது எழுதப்படவில்லை என்றால் ஆல்கஹால் அளவு ஓரளவு துப்புக் கொடுக்கும். நீர் கலக்காத சாறு முழுமையாக நொதித்தால் பெரும்பாலும் 6 முதல் 8 சதவீதம் வரை வரும். 4 அல்லது 4.5 என்று போட்டிருந்தால் நீர் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. கீவிங் என்ற பழைய முறையில், பிழிந்த சாற்றிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் பழுப்பு நிற ஏடாகத் திரண்டு மேலே மிதக்கும். ஈஸ்ட்டுக்கு வேண்டிய சத்தின் ஒரு பகுதியும் அதோடு விலகிப்போகும். அடியிலுள்ள தெளிந்த சாறு மாதக்கணக்கில் மெல்ல நொதித்து, இனிப்பு மிச்சமிருக்கும்போதே அடங்கிவிடும். இப்படி உருவான சைடரில் ஆல்கஹால் குறைவாக இருக்கும்; ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ந்திருக்காது. எண்ணை மட்டும் பார்த்து இதைத் தள்ளிவிடுவது பெரிய இழப்பு.

பாஸ்ச்சுரைஸ் செய்தது, அதாவது சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்றது என்று தெரிந்ததும் முகம் சுளிப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வழக்கமான சைடர் தயாரிப்பாளர்கள் பலர் இனிப்பூட்டச் சாக்கரின், சுக்ரலோஸ் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் அவற்றை உண்ணாது என்பதால் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்கும் பயம் இல்லை. ஆர்கானிக் விதிகளில் இந்தச் செயற்கை இனிப்புகளுக்கு இடமில்லை. எனவே முழுக்க நொதித்த சைடருக்கு இனிப்பு வேண்டுமானால் சர்க்கரையோ சாறோதான் சேர்க்க வேண்டும். அதன் பிறகு சூடாக்கியோ நுண்ணிய வடிகட்டியில் செலுத்தியோ ஈஸ்ட்டை அகற்றாவிட்டால் பாட்டில் வெடிக்கக்கூடும். அந்தத் தயாரிப்பாளர் குறுக்குவழியில் போகவில்லை. விதி விட்ட வழியில் போயிருக்கிறார்.

அடுத்த பிழையைத்தான் நான் எல்லாவற்றிலும் கனமானதாகக் கருதுகிறேன்: எல்லா ஆங்கில சைடரையும் ஒரே தராசில் நிறுப்பது. பிரிஸ்டலுக்கு அருகே 1903-இல் தொடங்கிய லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தில் பேராசிரியர் பார்க்கர் சைடர் ஆப்பிள்களை நான்கு வகையாகப் பிரித்தார். அமிலம் 0.45 சதவீதத்துக்கு மேலா கீழா, துவர்ப்பும் கசப்பும் தரும் டானின் 0.2 சதவீதத்துக்கு மேலா கீழா என்ற இரண்டு கோடுகள்தான் அடிப்படை. இரண்டும் குறைந்தவை இனிப்பு வகை. அமிலம் மட்டும் மிகுந்தவை புளிப்பு வகை. டானின் மட்டும் மிகுந்தவை கசப்பினிப்பு வகை. இரண்டும் மிகுந்தவை கசப்புப்புளிப்பு வகை. ஆப்பிள் ரகங்களில் டாபினெட், யார்லிங்டன் மில் இரண்டும் கசப்பினிப்பு. கிங்ஸ்டன் பிளாக் கசப்புப்புளிப்பு.

சாமர்செட், ஹெர்ஃபர்ட்ஷயர் உள்ளிட்ட மேற்குப் பகுதி சைடரின் உடம்பே, அதாவது வாயில் உணரும் கனமே, இந்த டானின்தான். பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் ஈறுகளில் படியும் பிடிப்பு போன்ற துவர்ப்பு அதில் இருந்தே தீரும். கிழக்கே கென்ட், சஃபோக் பக்கம் சமையலுக்கான பிராம்லி ஆப்பிளும் சாப்பிடும் காக்ஸ் ஆப்பிளும் பெருமளவு பயன்படுகின்றன. அங்கே டானின் குறைவு, புளிப்புத் துலக்கம், உடம்பு மெலிது. சஃபோக்கின் ஆஸ்பால் பண்ணையில் 1728 முதல் சைடர் பிழிகிறார்கள் என்பதால் இதைப் புதுப்பழக்கம் என்று ஒதுக்கவும் முடியாது. கென்ட் சைடரை "சாரமில்லை" என்றும், ஹெர்ஃபர்ட்ஷயர் சைடரை "ஒரே துவர்ப்பு" என்றும் எழுதுபவர் அந்த மண்ணின் இயல்பையே குற்றமாகப் பதிவு செய்கிறார். எந்த ஊர், எந்த ஆப்பிள் என்று முதலில் பாருங்கள். அந்த வகைக்குள் அது சமநிலையோடு இருக்கிறதா என்பதே கேள்வி.

துவர்ப்பையும் கசப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. கசப்பு நாக்கில் தெரியும் சுவை. துவர்ப்பு வாய் முழுவதும் உணரும் வறட்சி. இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொண்டால் ஆப்பிளைப் பற்றியே நிறையப் புரியும்.

பரிமாறும் விதத்தில் நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐஸ் போடாதீர்கள்: மணம் அடங்கிவிடும், உருகும் நீர் சைடரை நீர்க்கச் செய்யும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்து, 10 முதல் 12 டிகிரிக்குள் ஊற்றுங்கள். வாய் குறுகிய ஒயின் கோப்பை போதும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். பாட்டிலிலேயே நுரையேறிய சைடரில் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும், அது பழுதல்ல. நிற்கவைத்துத் தெளிந்த பின் மெதுவாக ஊற்றினால் சரி. பலவற்றைச் சுவைப்பதாக இருந்தால் இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்பானதற்குப் போங்கள். சாமர்செட்டின் ராயல் பாத் அண்ட் வெஸ்ட் கண்காட்சிப் போட்டியிலும் இனிப்பளவை வைத்துத்தான் பிரிவுகளை வகுக்கிறார்கள்.

மணத்துக்கு வருவோம். புதிதாக நறுக்கிய ஆப்பிளின் வாசனை வரவில்லை என்று குறை சொல்வதற்கு அடிப்படையே இல்லை. நொதித்தல் அந்த வாசனையைப் பெரிதும் மாற்றிவிடும். மேற்குப் பகுதி சைடரில் புகை, கிராம்பு, தோல், மாட்டுத்தொழுவம் போன்ற சாயல்கள் எழலாம். டானின் மிகுந்த ஆப்பிள்களிலுள்ள பினாலிக் என்ற வகை வேதிப்பொருள்களை நொதித்தலின் பிற்பகுதியில் நுண்ணுயிரிகள் மாற்றுவதால் வருவது அது. மெல்லிய இழையாக இருந்தால் அழகு. பழத்தையே மூடிவிட்டால்தான் குறை. ஊற்றியவுடன் அழுகிய முட்டை வாடை அடித்தாலும் உடனே கொட்டிவிடாதீர்கள். நைட்ரஜன் குறைந்த சாற்றில் ஈஸ்ட் திணறும்போது அது உண்டாகும். செயற்கை உரம் காணாத தோட்டத்துச் சாற்றில் அதற்கு வாய்ப்பு கூடுதல். கோப்பையைச் சுழற்றிச் சில நிமிடம் விட்டால் பல சமயம் பறந்துபோகும். பறக்காவிட்டால் பழுது. வினிகரின் காரமும், நகப்பூச்சு அகற்றியின் நெடியும் அப்படியல்ல. காத்திருந்து பயனில்லை, மண்வாசனை என்று சமாதானம் சொல்லவும் கூடாது.

பலரும் கோட்டைவிடும் பழுது ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் சைடர்காரர்கள் அதை எலி என்றே அழைக்கிறார்கள். முகர்ந்தால் தெரியாது. விழுங்கிச் சில நொடிகள் கழித்து, எலிப்புழுக்கை வாடை தொண்டையிலிருந்து மேலேறி நெடுநேரம் நீங்காமல் நிற்கும். சைடரின் அமிலத்தில் அந்தப் பொருள் ஆவியாகாமல் அடங்கியிருக்கும்; உமிழ்நீர் அமிலத்தைத் தணித்ததும் விடுபடும். இதை உணரவே முடியாதவர்களும் உண்டு. ஆகவே தனியாகச் சுவைத்துத் தீர்ப்பெழுதுவதைவிட இருவராகச் சுவைப்பது நல்லது.

சைடர் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தகப் பொருளான சல்பைட்டைச் சிலர் வெறுக்கிறார்கள். இந்தப் பழுதுக்கும் அந்த வெறுப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆர்கானிக் சைடரில் சல்பைட் தடைசெய்யப்பட்டது என்பது தவறான எண்ணம். வழக்கமான சைடரைவிடக் குறைந்த வரம்புக்குள் அனுமதி உண்டு. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் சொல்லியாக வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும். மற்றவர்கள் அதைக் காரணம் காட்டி மதிப்பெண் குறைப்பது சரியல்ல. சல்பைட்டே போடாமல், காற்றும் பட்ட சைடரில்தான் எலி வாடை எளிதாகக் குடியேறுகிறது.

அதனால் முதல் மடக்கிலேயே தீர்ப்பெழுதாதீர்கள். விழுங்கியபின் அரை நிமிடமாவது காத்திருங்கள். ஐயம் இருந்தால் பாதிப் பாட்டிலை மூடி வைத்துவிட்டு மறுநாள் மீண்டும் சுவையுங்கள். காற்றுப் பட்டதும் எலி வாடை வலுக்கும். நேற்று நீங்கள் தவறவிட்டிருந்தாலும் இன்று தெரிந்துவிடும்.