நிற்கிற வண்டியில்தான் கை வைப்பார்கள்: புதிதாக லாரி விடுகிறவர்களுக்கு

திருவொற்றியூரில் ஒரு சின்ன லாரி ஆபீஸில் 14 வருடமாக வண்டி அனுப்புகிற வேலை எனக்கு. அப்பா டிரெய்லர் ஓட்டியவர். ஒன்றிரண்டு வண்டியைக் கடனில் எடுத்து, துறைமுக லோடு அடிக்க ஆரம்பித்திருக்கும் தம்பிகள் ஆபீஸுக்கு வந்தால் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "அக்கா, ஜி.பி.எஸ். போட்டுட்டேன், இன்ஷூரன்ஸ் இருக்கு. லோடு களவு போகாம இருக்க வேற என்ன வேணும்?"

ஓடுகிற வண்டியில் கை வைப்பது லேசான காரியமில்லை. களவு நடப்பதெல்லாம் வண்டி நிற்கும்போதுதான். அதனால் வண்டி எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் நிற்கப் போகிறது என்பதை டிரைவர் தலையில் கட்டாமல், நாமே முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்கிற எல்லாமே இதைச் சுற்றித்தான். உதாரணத்துக்கு ஒரு டிரிப் எடுத்துக்கொள்வோம்: காட்டுப்பள்ளி துறைமுகத்தில் இறங்கிய 20 அடிப் பெட்டி (கன்டெய்னர்), உள்ளே காப்பர் கம்பிச் சுருள், போக வேண்டியது ஹைதராபாத் குடோன்.

படி 1: வண்டியையும் ஆளையும் சரிபாருங்கள்

சொந்த வண்டி என்றால் இதைத் தாண்டிப் போகலாம். வெளி வண்டி பிடித்தால் தாண்டாதீர்கள். பூட்டை உடைக்காமல், கத்தியைக் காட்டாமல், நாமே லோடை ஏற்றிக் கையசைத்து அனுப்பிய வண்டி போய்ச் சேராமல் மறைந்துவிடுகிற களவு ஒன்று இருக்கிறது. நம்பர் பிளேட் போலி, ஆர்.சி. போலி, டிரைவர் சொன்ன பேரும் போலி.

எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கிற சேசிஸ் நம்பரை வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு நேரில் ஒத்துப் பாருங்கள். ஓனரிடம் பேசுங்கள். புரோக்கர் கொடுத்த நம்பரை மட்டும் நம்பாமல், உங்களுக்குத் தெரிந்த இன்னொரு ஆபீஸ் மூலமாக அந்த ஓனரைப் பிடியுங்கள். டிரைவரை வண்டிக்கு முன்னால் நிற்க வைத்து, நம்பர் பிளேட் தெரிய ஒரு போட்டோ எடுங்கள். நேர்மையான டிரைவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. லோடு குரூப்பில் "காப்பர், ஹைதராபாத், இன்னைக்கு நைட்" என்று வாட்ஸ்அப் போடாதீர்கள். "20 அடி, ஒரு பெட்டி" என்றாலே வண்டி கிடைக்கும். சரக்கு என்ன என்பது டிரைவருக்குத் தெரிந்தால் போதும், டீக்கடைக்குத் தெரிய வேண்டியதில்லை.

படி 2: சீல் மட்டும் பார்த்தால் போதாது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பெட்டியின் பின்கதவுக்கு எதிரே நில்லுங்கள். வழக்கமாக வலது கதவின் கைப்பிடியில் சீல் மாட்டியிருப்பார்கள். போல்ட் சீல் என்பது ஒரு தரம் மாட்டினால் வெட்டித்தான் எடுக்க முடிகிற, நம்பர் போட்ட கம்பிப் பூட்டு. அதில் ஆங்கில 'எச்' எழுத்து பொறித்திருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 17712 தரப்படி உயர் பாதுகாப்பு சீல் என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு நாலு வேலை: உற்றுப் பாருங்கள், நம்பரைப் பேப்பரோடு ஒத்துப் பாருங்கள், கீழே இழுங்கள், முறுக்குங்கள். அறுத்துவிட்டு மரை போட்டு மறுபடி சேர்த்த சீல், முறுக்கும்போது கழன்று வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆபீஸ் அனுப்பிய ஒரு பெட்டி போய்ச் சேர்ந்தபோது சீல் அப்படியே இருந்தது. நம்பரும் அதேதான். கதவைத் திறந்தால் சரக்கு குறைகிறது. சீல் உடையவில்லை, அப்படியென்றால் டிரைவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று பார்ட்டி சொல்லிவிட்டார். 20 வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானும் அந்த இரண்டு நாளும் அவரைச் சந்தேகப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

காலிப் பெட்டி திரும்பி வந்த பிறகு, வெல்டிங் பட்டறை அண்ணன் ஒருவர்தான் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். கதவின் நீளக் கம்பியோடு கைப்பிடியைப் பிணைத்திருக்கும் ரிவிட்டை அறுத்திருக்கிறார்கள். ரிவிட் போனால் கைப்பிடி சீலோடு அப்படியே தொங்கும், கம்பி தனியாகச் சுழலும், கதவு திறந்துகொள்ளும். வேலை முடிந்ததும் ரிவிட் இருந்த இடத்தில் ஒரு போல்ட்டை இறக்கி, பசை பூசி, பெட்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். பசை உதிர்ந்தது.

அன்றிலிருந்து எங்கள் யார்டை விட்டு வண்டி நகரும் முன் நாலு போட்டோ: சீல் நம்பர், கைப்பிடி ரிவிட், கதவுக் கீல்கள், லாரி நம்பரோடு முழுப் பின்பக்கம். ரிவிட் தலையைக் கட்டை விரலால் தடவிப் பார்க்கிறோம். ஒன்று மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால், பெயின்ட் பிசுபிசுத்தால், வண்டியை எடுப்பதில்லை. காப்பர், மொபைல், சிகரெட் மாதிரி விலை கூடிய லோடு என்றால், நடுவில் இருக்கும் இரண்டு கதவுக் கம்பிகளையும் சேர்த்து ஒரு கேபிள் சீல் கூடுதலாகப் போடுகிறோம். கைப்பிடியைக் கழற்றினாலும் அது விடாது.

எடை மேடைச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். காலிப் பெட்டியின் எடை கதவிலேயே எழுதியிருக்கும், 20 அடிப் பெட்டி சுமார் 2.2 டன். புறப்படும்போதும் சேர்ந்த பிறகும் எடை போட்டால், எங்கே குறைந்தது என்று டிரைவர் பதில் சொல்ல ஒரு ஆதாரம் இருக்கும்.

படி 3: க்யூவில் நிற்கிற நேரத்தைக் குறையுங்கள்

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம், எண்ணூர் விரைவுச் சாலை, மணலி ரோடு. இந்த வரிசைகளில் ராத்திரி நிற்காத டிரெய்லர் டிரைவர் வடசென்னையில் இல்லை. பேப்பர் முடியாமலே வண்டியை அனுப்பிவிட்டு, "அங்க போய் நில்லு, அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்கிற பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. தயவுசெய்து இதை விடுங்கள். இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. சீட்டு), கேட் பாஸ், ஏற்றுமதிப் பெட்டி என்றால் துறைமுகத்துக்குள் விடுவதற்கான ஃபார்ம் 13, எல்லாம் கைக்கு வந்த பிறகு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை யார்டிலோ மாதவரம் லாரி நிலையத்திலோ நிற்கட்டும்.

அப்படியும் நிற்க வேண்டி வரும். சென்னைப் புழுக்கத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு யாரும் தூங்க முடியாது. இறக்கினால் உள்ளே கை வரும். நாங்கள் எல்லா வண்டிக்கும் இரண்டு ஜன்னலிலும் கம்பி வலை அடித்து, கேபினுக்குள் ஒரு சின்ன ஃபேன் மாட்டிக் கொடுத்தோம். ஒரு டயர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. பழைய டிரைவர்கள் செய்கிற இன்னொரு வேலை, இரண்டு கதவுக் கைப்பிடியையும் குறுக்கே பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிவிட்டுப் படுப்பது.

டிரைவரின் வழிச்செலவுப் பேட்டாவை மொத்தமாக ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் கையில், மீதியைப் போகப் போக ஜி.பே.யில் அனுப்புங்கள். பைக்கில் வந்து கத்தியைக் காட்டினால் ஃபோனையும் பணத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்று டிரைவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். "போனது போகட்டும், நீ வா" என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தால்தான் அந்த நிமிடத்தில் அவர் எதிர்த்து நிற்க மாட்டார்.

படி 4: எங்கே நிற்கலாம் என்று எழுதிக் கொடுங்கள்

டேங்க் நிறைய டீசல், கையில் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கிளம்பும் முன்பே. பின்தொடர்கிறவர்கள் லோடு எடுத்த இடத்திலிருந்தேதான் வருவார்கள். அதனால் முதல் மூன்று மணி நேரம் தேவையில்லாமல் நிற்கக் கூடாது. செங்குன்றம், காரனோடை, எளாவூர் தாண்டி நெல்லூர் பக்கம் நமக்குத் தெரிந்த பங்க் ஒன்றில் முதல் ஓய்வு, ஓங்கோல் பக்கம் இரண்டாவது. வெளிச்சம், கேமரா, காவலாளி மூன்றும் இருக்கிற இடமாகப் பாருங்கள். பின்கதவைச் சுவரோடு ஒட்டியோ, இன்னொரு வண்டியின் பின்பக்கத்தோடு ஒட்டியோ நிறுத்தினால் கதவையே திறக்க முடியாது. கிளம்பும் முன் டார்ச் அடித்து சீலையும் ரிவிட்டையும் ஒரு தரம் பார்க்க வேண்டும்.

ஓடும்போது பைக்கில் ஒருத்தன் பக்கத்தில் வந்து, "அண்ணே, பின் டயர்ல காத்து இறங்குது" என்று கத்தினால் அங்கேயே நிறுத்தக் கூடாது. மெதுவாக ஓட்டி, வெளிச்சமான பங்குக்குள் போய்ப் பார்க்கட்டும். தெரியாத ஆள் கொடுக்கிற டீ, பிஸ்கட் வேண்டாம். லிஃப்ட்டும் வேண்டாம்.

ஹைதராபாத்துக்கு ஏறக்குறைய 630 கிலோமீட்டர். இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும், அதாவது 4 நாள். சட்டமே இவ்வளவு நேரம் கொடுக்கும்போது ஒரே ராத்திரியில் ஓட்டச் சொல்லி விரட்டுவதில் என்ன நியாயம்? 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் கண்ட இடத்தில்தான் நிறுத்துவார். சனிக்கிழமை ராத்திரி அனுப்பி, ஞாயிறு முழுக்கப் பூட்டிய குடோன் வாசலில் நிற்க விடுவதும் அதே தப்புதான்.

படி 5: ஜி.பி.எஸ். சத்தம் போட்டால் ஒருத்தர் எழுந்திருக்க வேண்டும்

ஒரு கருவி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், இன்னொன்று தனி பேட்டரியோடு மறைவாக. சிக்னலை முடக்கும் ஜாமர்கள் இருக்கின்றன. அதனால் சிக்னல் போனாலே அதை அபாயமாக எடுத்துக்கொண்டு டிரைவருக்கு ஃபோன் செய்யுங்கள். ஒரு குறிச்சொல்லும் வையுங்கள். எங்கள் வண்டிகளில் கிளீனர் கிடையாது. டிரைவர் ஃபோனில், "கிளீனர் தூங்குறான்க்கா" என்றால் பக்கத்தில் யாரோ மிரட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று அர்த்தம். சாதாரணமாகப் பேசிவிட்டு வைத்து, உடனே போலீஸைக் கூப்பிடுவோம்.

படி 6: நடந்துவிட்டால்

முதலில் டிரைவருக்கு அடி பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். லோடு பற்றிய கேள்வி அதற்குப் பிறகு. 112-க்கு ஃபோன் செய்யுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலை உதவி எண் 1033-ம் உதவும். "எங்க எல்லையில நடக்கல" என்று ஸ்டேஷனில் சொன்னால், பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவைச் சொல்லி ஜீரோ எஃப்.ஐ.ஆர்., அதாவது எல்லை பார்க்காமல் பதிகிற எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். எந்த ஸ்டேஷனிலும் பதியலாம், நகல் இலவசம். அன்றைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சரக்கு அனுப்பியவர் டிரான்ஸ்போர்ட் மேல் வழக்குப் போவதென்றால், அதற்கு முன் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

கடைசியாக, இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று. எர்ணாவூர் பக்கம் ஒரு விடியற்காலையில் எங்கள் டிரைவரிடம் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கையில் வெட்டு. டீக்கடைக்காரர் தன் ஃபோனைக் கொடுத்தார், ஆனால் டிரைவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது மனைவி நம்பர் ஒன்றுதான். அந்தப் பெண் கைக்குழந்தையோடு எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்து ஷட்டரைத் தட்டிய பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். அதற்கப்புறம் தபால் அட்டை அளவில் ஒரு சீட்டு லேமினேட் செய்து, ஒன்றை சன் வைசருக்குப் பின்னாலும் ஒன்றை டிரைவர் சட்டைப் பையிலும் வைக்கிறோம். ஆபீஸ் நம்பர், என் வீட்டு நம்பர், வண்டி நம்பர், பெட்டி நம்பர், சீல் நம்பர், டிரைவரின் ரத்த வகை. எல்லாம் கையெழுத்தில், பெரிய எழுத்தில்.