ஆத்தாவின் மாத்திரையும் ‘ஆச்சி’ என்ற ஒரு சொல்லும்

ஆத்தாவுக்கு ரத்தப் புற்றுநோய். தினமும் இமாடினிப் என்ற மாத்திரை 400 மில்லிகிராம், நிறுத்தவே கூடாது. காரைக்குடி மெடிக்கலில் மாதாமாதம் கைக்காசு கரைந்தது.

முதலில் கடை பில்களைச் சேர்த்து வைத்தேன். வீண்வேலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் கடை பில்லுக்குப் பணம் வராது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை ஒப்புதல் வாங்கிச் சிகிச்சை தர வேண்டும். சரி, காப்பீட்டு அட்டை வாங்கலாம் என்று 1,20,000 ரூபாய்க்குக் கீழ் ஆண்டு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். இரண்டு முறையும் ‘விவரம் பொருந்தவில்லை’ என்றார்கள். எது என்று யாரும் சொல்லவில்லை.

ராத்திரி இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஆதாரில் ஆத்தா பெயரோடு ‘ஆச்சி’ ஒட்டியிருந்தது. ரேஷன் கார்டில் இல்லை. நம் பக்கம் மரியாதைக்குச் சொல்வது, பதிவில் பெயராகவே ஏறிவிட்டது!

இ-சேவை மையத்தில் ரேஷன் கார்டுப் பெயரை ஆதார்படி திருத்தினேன். அப்புறம் போனபோது அட்டை கிடைத்தது. மருத்துவமனை காப்பீட்டு மேசையில் மருத்துவரின் சீட்டு, பயாப்ஸி ரிப்போர்ட் கொடுத்தேன், ஒப்புதல் வந்தது. இந்த மாத மாத்திரைக்குக் காசு கேட்கவில்லை. நிம்மதி.