அதிகாரத்தை மறுக்கும் காட்சியை எழுதுவது எப்படி? பாம்பன் கரையில் ஒரு மாயக்கதை

மாயக்கதை எழுதத் தொடங்குகிறவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் காட்சிக்கு வந்து சேர்கிறார்கள். எல்லையற்ற வல்லமை தரும் பொருள் ஒன்று நாயகன் கையில் கிடைக்கிறது. அவன் அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறான். எழுதியவருக்குக் கண் கலங்குகிறது, வாசிப்பவருக்கோ எதுவும் நேர்வதில்லை. அவன் ஒதுக்கிய பொருள் அவனுக்குத் தேவைப்பட்டதே இல்லை என்பதுதான் காரணம். இந்தக் குறை நேராமல் எழுதுவதற்கு, இராமநாதபுரம் கடற்கரையில் நடக்கும் ஒரு சிறுகதையைப் படிப்படியாகக் கட்டிப் பார்ப்போம்.

முதல் படி: பாத்திரத்தின் குறையை எழுதுங்கள்

மந்திரப் பொருளைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். நம் நாயகி நம்புத்தாய், பாம்பன் கரையில் கடற்பாசி எடுக்கும் இளம்பெண். உலகை ஆளும் ஆசை அவளுக்குக் கிடையாது. நாட்டுப்படகில் கடலுக்குப் போகும் அப்பா உயிரோடு கரை திரும்ப வேண்டும், அவ்வளவுதான். இது நியாயமான விருப்பம். நியாயமான விருப்பத்தின் வழியாக நுழையும் அதிகாரத்தைத்தான் மறுப்பது கடினம் என்பதால், பேராசைக்காரர் ஒருவரை வைத்து இந்தக் கதையைத் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அதே பகுதியில் அவள் தொழிலையும் காட்டிவிடுங்கள். விரல்களில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை இழுத்து அடக்கி முங்குகிறாள். பாறையை ஒரு கையால் பற்றியபடி மரிக்கொழுந்துப் பாசியை மறு கையால் பறிக்கிறாள். நெஞ்சு எரியத் தொடங்கும் வரை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறாள். இந்தக் கரையின் பாசிப் பெண்கள் இரும்புக் கருவியைத் தொடாமல் கையால் மட்டுமே பறிப்பது, மாதத்தில் சில நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். இவற்றை வெறும் சூழல் வருணனையாக எண்ணிவிடாதீர்கள். கதையின் உச்சத்தில் இவைதான் கைகொடுக்கப் போகின்றன.

இரண்டாம் படி: வல்லமைக்கு விலை வையுங்கள், அதைப் பிறர் கொடுக்கட்டும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. 1986-இல் அப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால் அங்கே நினைத்தபடி இறங்க முடியாது. குருசடைத் தீவை ஒட்டிய பாறையடியில் நம்புத்தாய்க்கு ஒரு வலம்புரிச் சங்கு கிடைக்கட்டும். அகப்படுவது மிக அரிது, வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று மக்கள் நம்பும் பொருள் அது. போகக்கூடாத இடத்தில் எடுத்ததால் அவளால் வெளியே சொல்லவும் முடியாது. அந்தச் சங்கை ஊதினால் காற்று கட்டுப்படும்.

இனிதான் முக்கியமான வேலை. தொடக்க எழுத்தாளர்கள் மந்திரத்துக்கு வைக்கும் விலை, பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகிறவரின் ஆயுள் குறைவதாகவோ தலை நரைப்பதாகவோ இருக்கும். அந்த விலையைத் தன் உடம்பால் தானே கொடுப்பவர் தியாகியாகிவிடுகிறார், அங்கே மறுப்பதற்கு எதுவும் இல்லாமல் போகிறது. பயன் நமக்கும் விலை இன்னொருவருக்கும் என்று ஆகும்போதுதான் அது அதிகாரம்.

இந்த விலையைக் கற்பனையில் தேடி அலைய வேண்டியதில்லை, அந்த நிலமே தருகிறது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடக்கே பாக் விரிகுடா கொந்தளிக்கும், தெற்கே மன்னார் வளைகுடா ஓரளவு அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்று எழும் மாதங்களில் இது அப்படியே தலைகீழாகும். நடுவில் இருப்பது குறுகலான ஒரு தீவு. ஆகவே நம் கதையின் விதி இதுதான்: நம்புத்தாய் ஊதினால் வடகடல் அடங்கும், அங்கிருந்து விலகிய காற்று முழுவதும் தென்கடலில் போய் விழும். காற்று அழிவதில்லை, இடம் மாறுகிறது. விதியை ஒரு முறை சொல்லிவிட்டால் கதை முடியும் வரை அதை மாற்றாதீர்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை இந்தச் சங்கின் விளைவாக எழுதிவிடாதீர்கள். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன இரவு அது. உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்கள் அந்தக் கரையில் இன்றும் வாழ்கின்றன. அவர்கள் துயரத்துக்கு மந்திரக் காரணம் கற்பிப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

மூன்றாம் படி: ஒரு முறை பயன்படுத்த விடுங்கள்

அவள் ஒரு முறை ஊத வேண்டும், அது பலிக்கவும் வேண்டும். அப்பா கரையேறி ஈரத் துண்டைப் பிழியும்போது வாசகரும் மகிழ வேண்டும். மறுநாள் பாசி உலர்த்தும் இடத்தில், தென்கடலோரக் குந்துகால் பக்கம் வலை விரித்திருந்தவரின் வத்தை என்னும் சிறுபடகு திடீர்க் காற்றில் புரண்டு அவர் கை ஒடிந்துபோன செய்தியை அவர் மனைவியே நம்புத்தாயிடம் சொல்லட்டும். இறந்தார் என்று எழுத வேண்டாம். இறப்பு உடனே குற்றவுணர்வை எழுப்பிக் கதையை முடித்துவிடும். ஒடிந்த கை என்றால், ‘இந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளலாமே’ என்ற எண்ணத்துக்கு இடம் இருக்கும். அந்த எண்ணம் அவளுக்குள் வர வேண்டும்.

நான்காம் படி: தூண்டுகிறவர் அன்புள்ளவராக இருக்கட்டும்

பரதனிடம் அரசை ஏற்கச் சொன்னவர்கள் பகைவர்கள் அல்லர். குலகுருவும் அமைச்சர்களும் சொன்னார்கள். தந்தை கொடுத்த வாக்கும் அவன் பக்கம் இருந்தது. அரசனின்றி நாடு நிற்கக்கூடாது என்பதும் உண்மையாகவே இருந்தது. ஒவ்வொரு காரணமும் சரியாக இருந்ததால்தான் அவன் மறுப்பு இத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் நம்மை உலுக்குகிறது.

நம் கதையில் அப்படிப் பேசுவதற்குத் தம்பி முனியசாமி போதும். அவன் வாதத்தை முழு வலுவோடு எழுதுங்கள்:

“யக்கா, அப்பா வெளிய கெடக்காரு. தென்கடல்ல இன்னைக்கு யாரும் தொழிலுக்குப் போகலன்னு சொல்றாக. ஒரே ஒரு தடவ ஊதுக்கா.”

அவன் சொல்வது பொய்யாக இருக்கக்கூடாது. ‘சொல்றாக’ என்ற ஒரு சொல்லில்தான் அவள் தயக்கம் முழுவதும் நிற்கிறது.

ஐந்தாம் படி: மறுப்பை உடம்பால் எழுதுங்கள்

இந்த இடத்தில் நீண்ட வசனம் வந்தால் காட்சி செத்துவிடும். அவள் வாழ்க்கையிலிருந்தே ஒரு செயலை எடுங்கள். சங்குக்குத் தேவை மூச்சு. அவளுக்குத் தெரிந்த வித்தை மூச்சை அடக்குவது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

சங்கை உதட்டருகே கொண்டுபோனாள். விரல்களில் சுற்றிய துணி இன்னும் ஈரமாக இருந்தது. மூச்சை இழுத்தாள், முங்குவதற்கு முன் இழுக்கும் அதே மூச்சு. இழுத்ததை விடாமல் எண்ணத் தொடங்கினாள். நெஞ்சு எரிந்தது. இன்னும் எண்ணினாள். பிறகு முகத்தைத் திருப்பி, சங்கில் படாமல் வெளியே விட்டாள்.

“என்னக்கா?”

“பெட்ரோமாக்ஸ எடுத்துட்டுக் கரைக்கு ஓடு. அப்பா வெளிச்சம் பாத்து வரட்டும்.”

மறுத்தவுடன் தன் சக்திக்குள் இருக்கும் சிறிய வேலையை அவள் செய்கிறாள் என்பதைக் கவனியுங்கள். மறுத்துவிட்டுச் சும்மா நிற்கும் பாத்திரத்தை வாசகர் மன்னிப்பதில்லை.

ஆறாம் படி: இழப்பை ஈடுகட்டாதீர்கள்

அப்பா முழுதாகத் திரும்பினால், நல்லவளுக்கு விதி பரிசு கொடுத்துவிட்டதாக ஆகும். இறந்துபோனால், அவள் மறுப்பை நீங்களே தண்டித்ததாக ஆகும். அப்பா நீந்திக் கரை சேரட்டும், படகும் வலையும் போகட்டும், கடன் நிற்கட்டும், தம்பி அவளோடு பேசாமல் இருக்கட்டும்.

ஏழாம் படி: சங்கைக் கடலில் எறிய வேண்டாம்

எறிந்துவிட்டால் சோதனை தீர்ந்துபோகும். பரதன் பாதுகையை வைத்துக்கொண்டு நந்தியம்பதியில் 14 ஆண்டுகள் இருந்தான், அரியணை அவனுக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தது. சங்கும் அப்படி வீட்டுப் பரணில் இருக்கட்டும்.

பயிற்சியாக ஒரு காட்சியை எழுதுங்கள். புயலற்ற ஒரு காலை. கடன் கொடுத்தவர் வாசலில் உட்கார்ந்து மரியாதையாகவே பேசிக்கொண்டிருக்கிறார். வடகடலில் மீன் படுகிறது, ஆனால் காற்று சற்றே கூடுதல். பரணுக்கு ஏறும் முக்காலி அவள் கையெட்டும் இடத்தில் கிடக்கிறது. முந்நூறு சொற்களுக்குள் எழுதி முடித்து ஒரு நாள் ஆறப்போடுங்கள். திரும்ப வாசிக்கும்போது அவள் ஏன் ஏறவில்லை என்று விளக்கும் வாக்கியம் எங்கேனும் தென்பட்டால், அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் அவள் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று எழுதுங்கள்.