ட்ரில்லியம் விதை முளைக்கவில்லையா? தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வசந்தம் பிறந்ததும் மரநிழலில் வெள்ளை வெளேரென்று பூப்பது ட்ரில்லியம் கிராண்டிஃப்ளோரம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் மலர். இலை, புல்லிதழ், அல்லிதழ் எல்லாம் மூன்று மூன்று. மகரந்தத்தாள் மட்டும் ஆறு. இதழ்கள் நாளாக ஆக இளஞ்சிவப்பாக மாறும்.

படி 1: கோடையில், தொட்டாலே காம்பிலிருந்து கழன்றுவிடும் பதத்தில் காயைப் பறியுங்கள். பழுப்பு விதைகளோடு சதைப்பற்றான ஒட்டு ஒன்று இருக்கும். அதற்காகத்தான் எறும்புகள் விதையை இழுத்துப் போகின்றன. அதைக் கழுவிவிட்டு அன்றைக்கே விதையுங்கள். காயவைக்கவே கூடாது. காய்ந்த விதை செத்துப்போகும், அல்லது இன்னும் நீண்ட உறக்கத்துக்குப் போய்விடும்.

படி 2: இலைமட்கு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. 1 செ.மீ. ஆழத்தில் விதைத்துத் தொட்டியை நிழலில் வையுங்கள். விதைத் தட்டு வேண்டாம், சீக்கிரம் காய்ந்துவிடும், 15 செ.மீ. ஆழமுள்ள தொட்டிதான் சரி. மேலே கம்பிவலை போட்டால் எலி, அணில் கிளறாது.

படி 3: பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். இந்த விதைக்கு இரட்டை உறக்கம். முதல் குளிர்காலம் போனபின் வேர் மட்டும் மண்ணுக்குள் இறங்கும். மேலே ஒன்றும் தெரியாது. இரண்டாவது குளிர்காலமும் கடந்தால்தான் ஒற்றை வித்திலை தலைகாட்டும். அதுவரை ஈரம் வற்றக்கூடாது. முதல் வசந்தத்திலேயே பொறுமையிழந்து தொட்டியைக் கொட்டினால், உயிரோடிருக்கும் வேரையும் சேர்த்துக் கொட்டுகிறீர்கள்.

அவசரமென்றால் ஃபிரிட்ஜ். ஈரமான ஸ்பாக்னம் பாசியில் (தொட்டிச் செடிகளுக்குப் பயன்படுத்தும் பாசி) விதைகளைக் கலந்து பையிலிட்டு, 4 டிகிரி செல்சியஸில் மூன்று மாதம், 20 டிகிரியில் மூன்று மாதம், மறுபடி 4 டிகிரியில் மூன்று மாதம். பாசியைப் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது, சொட்டினால் விதை அழுகிவிடும். வெதுவெதுப்புக் கட்டத்தில் வேர் வந்ததா என்று பார்க்காமல் இரண்டாவது குளிருக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்த சில ஆண்டுகள் ஒற்றை இலை, பிறகு மூன்றிலை. முதல் பூவுக்குப் பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும்.

பூவைத் தண்டோடு கிள்ளாதீர்கள். மூன்று இலைகளும் அதே தண்டில்தான் இருக்கின்றன. அவையும் போய்விட்டால் அந்த ஆண்டு புதிதாகத் துளிர்க்காது, மண்ணுக்கடியில் உள்ள கிழங்குத் தண்டுக்கு உணவும் சேராது. இடம் மாற்றுவதென்றால் இலைகள் தானாக மடிந்தபின், இலையுதிர்காலத்தில் செய்யுங்கள்.