12 வோல்ட்டுக்கு மாற்றியும் சார்ஜ் ஏறாத யெஸ்டி

எங்கள் வீட்டுப் பழைய யெஸ்டி பைக்கில் 6 வோல்ட் டைனமோவை எடுத்துவிட்டு 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் கிட் போட்டோம். பகலில் சிக்கல் இல்லை. ஹெட்லைட்டோடு கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஓட்டினால் போய்ச் சேர்வதற்குள் ஹாரன் கம்மிவிடும்.

பேட்டரி புதிதாக மாற்றியாயிற்று. ஆர்ஆர் யூனிட்டும் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்: ஆல்டர்னேட்டரின் ஏசியை டிசியாக்கி, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்றியாயிற்று. "காயில் போயிருக்கும் சார், வேற போட்டுடலாம்" என்றார் மெக்கானிக். ஏசி வோல்டேஜ் அளந்தால் ஆல்டர்னேட்டர் காயில் நன்றாகவே இருந்தது.

இங்கேதான் வேடிக்கை. ஆர்ஆர் யூனிட்டின் வெளியீட்டு ஒயருக்கும் அதன் பாடிக்கும் நடுவே 14.2 வோல்ட், அதே நேரத்தில் பேட்டரி முனைகளில் 12.9 மட்டும். எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையை, மீட்டரின் பீப் சத்தத்தில் சோதித்தால் 'சரி' என்றே காட்டும், ஏனென்றால் அதில் ஓடுவது துளி கரண்ட். இன்ஜின் ஓட, விளக்கு எரிய, பேட்டரி நெகட்டிவுக்கும் யூனிட் பாடிக்கும் நடுவே டிசி வோல்ட்டில் அளந்தேன்: 1.1 வோல்ட். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம். இந்த யூனிட்டுக்கு பாடிதான் எர்த். அது தன்னிடம் 14.2 வந்ததுமே போதும் என்று நிறுத்திவிடுகிறது; எர்த் பாதையில் தொலையும் 1.1 வோல்ட் அதற்குத் தெரியாது.

காரணம், பிரேமுக்கு அடித்திருந்த பவுடர் கோட்டிங். போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஒப்புக்குத் தொடர்பு, அதிலும் உப்புக்காற்றுத் துரு. பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, யூனிட் பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியாக ஒரு தடித்த ஒயர் இழுத்தேன். மேலே கொஞ்சம் வாஸலின்.

இப்போது விளக்கோடு பேட்டரியில் 14.1. அப்பாடா! கழற்றிய பழைய ஆர்ஆர் யூனிட்டும் நல்லதுதான், ஸ்பேராக வைத்திருக்கிறேன்.